கணினி அறைக்கு எந்த முனையம்? மெலிந்ததா, வெறுமையானதா?

“தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே” என்று எம் முன்னோர் சொல்லிவைத்தார்கள். மரியாதைக்கு அது சரி. ஆனால் மாடு வீட்டுக்கு வந்த நாள் தொடக்கம் வைக்கோல் போடுவதும் தண்ணீர் காட்டுவதும், நோய் கண்டால் வைத்தியரைத் தேடி ஓடுவதும் நாமே. ஆகவே பல்லைப் பார்க்காவிட்டாலும், அது என்ன தின்னும், எவ்வளவு உழும் என்றாவது கேட்டு அறிந்துகொள்வது எமது கடமை.

இன்று கிராமங்களுக்குத் தானமாக வருவது மாடு அல்ல, கணினி. பாடசாலைக்கும் சனசமூக நிலையத்துக்கும் பிள்ளைகளின் மாலை வகுப்புக்கும் கணினி அறை அமைத்துத் தர யாராவது முன்வருகிறார்கள். வருபவர் சில வேளைகளில், “பத்துக் கணினி வேண்டாம், ஒரு பெரிய கணினியும் பத்துச் சிறு பெட்டிகளும் போதும், செலவு பாதி” என்று சொல்வார். அந்தச் சிறு பெட்டிகளில் இரண்டு வகை உண்டு. ஒன்றை “தின் கிளையன்ற்” என்றும் மற்றதை “சீரோ கிளையன்ற்” என்றும் சொல்வார்கள். கூட்டத்தில் இருப்பவர்கள் தலையை ஆட்டிவிட்டு வந்துவிடுகிறார்கள். அப்படித் தலையாட்டாமல் கேள்வி கேட்பதற்கு உதவுவதே இக்கட்டுரையின் நோக்கம். முன்னதை மெலிந்த முனையம் என்றும் பின்னதை வெறும் முனையம் என்றும் இங்கே அழைப்போம்.

கிணறும் குளமும்

ஒவ்வொரு வளவிலும் ஒரு கிணறு இருப்பது ஒரு முறை. ஊருக்கு ஒரு குளமும் அதிலிருந்து வயல்களுக்கு வாய்க்காலும் இருப்பது இன்னொரு முறை. சாதாரண கணினி வளவுக் கிணற்றைப் போன்றது. அதன் மூளை, நினைவகம், கோப்புகளைச் சேமிக்கும் தட்டு எல்லாம் அந்தப் பெட்டிக்குள்ளேயே இருக்கின்றன. பக்கத்துக் கணினி பழுதானாலும் இது வேலை செய்யும்.

குளத்து முறையில் ஒரே ஒரு தாய்க் கணினி இருக்கும். இதைச் “சேர்வர்” என்பார்கள். பத்துப் பிள்ளைகளுக்குரிய பத்து “மேசைகள்” அதற்குள்ளேயே ஓடுகின்றன. பிள்ளையின் முன்னால் இருப்பது ஒரு திரை, ஒரு விசைப்பலகை, ஒரு மவுஸ், ஒரு சிறு பெட்டி மாத்திரமே. பிள்ளை “அ” என்ற எழுத்தை அழுத்தினால் அச்செய்தி கம்பி வழியாகத் தாய்க் கணினிக்குப் போகிறது. எழுத்து விழுவது அங்கே. பின்னர் அந்தத் திரையின் படம் அதே கம்பி வழியாகத் திரும்பி வந்து பிள்ளையின் முன்னால் தெரிகிறது. இவ்வளவும் கண் இமைக்கும் நேரத்துக்குள் நடப்பதால், வேலை எங்கே நடக்கிறது என்று பிள்ளைக்குத் தெரிவதில்லை. இதையே மெய்நிகர் மேசைத்தளம் என்கிறார்கள்.

இது புதிய யோசனை அல்ல. 1970களில் பெரிய அலுவலகங்களில் கணினி என்றால் ஓர் அறையில் ஒரு பெரிய இயந்திரமும் மேசைகளில் வெறும் திரைகளும் தான். பின்னர் தனிக் கணினிகள் மலிந்தபோது எல்லோரும் கிணற்றுக்கு மாறினார்கள். 1990களின் நடுப்பகுதியிலிருந்து, ஆயிரக்கணக்கான கணினிகளைப் பராமரிக்க முடியாமல் அவதிப்பட்ட நிறுவனங்கள் மறுபடியும் குளத்துக்குத் திரும்பத் தொடங்கின.

குளத்தின் நன்மை என்ன? பத்து இடத்தில் செய்யும் பராமரிப்பை ஒரே இடத்தில் செய்யலாம். ஒரு மென்பொருளைத் தாய்க் கணினியில் ஒரு தடவை பதிந்தால் பத்துப் பேருக்கும் கிடைக்கும். மேசையில் உள்ள பெட்டியைக் கள்வர் கொண்டுபோனாலும் பிள்ளைகளின் எழுத்து அதில் இல்லை. இன்னொரு பெட்டியைப் பொருத்தியவுடன் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். தாய்க் கணினிக்குப் பற்றரி ஆதாரம், அதாவது யு.பி.எஸ்., இருந்தால், மின்சாரம் நின்று திரை அணைந்தாலும் எழுதிய வரி அழியாது.

தீமையும் அதே இடத்தில்தான் இருக்கிறது. கட்டு உடைந்தால் எல்லா வயலும் காயும். தாய்க் கணினி நின்றால் பத்துப் பிள்ளைகளும் கை கட்டிக்கொண்டு இருக்க வேண்டும்.

இரண்டு முனையங்களுக்கும் என்ன வித்தியாசம்?

மெலிந்த முனையம் என்பது ஒரு சிறிய கணினியே. அதற்குள் ஒரு சிறு மூளையும், கொஞ்சம் நினைவகமும், சுருக்கமான ஓர் இயங்குதளமும் உண்டு. பெரும்பாலும் அது லினக்ஸ் வகையாக இருக்கும். சிலவற்றில் விண்டோசின் ஒரு வகை இருக்கும். தாய்க் கணினியோடு பேசும் பல “மொழிகளை” அது கற்றுக்கொள்ளக்கூடியது. புதிய மொழி வந்தால் புதிய மென்பொருளைப் பதிந்து அதையும் கற்பிக்கலாம். சிலவற்றில் ஓர் இணைய உலாவியையேனும் தனித்து இயக்கலாம். ஆனால் இயங்குதளம் இருப்பதால் அதற்குப் பராமரிப்பும் வேண்டும். பாதுகாப்புத் திருத்தங்களைக் காலத்துக்குக் காலம் பதிய வேண்டும்.

வெறும் முனையத்தில் நாம் வழக்கமாகச் சொல்லும் இயங்குதளம் இல்லை. படத்தை விரித்துத் திரையில் காட்டுவதற்கென்றே செய்யப்பட்ட ஒரு சில்லு அதற்குள் இருக்கிறது. மின்சாரம் கொடுத்த சில வினாடிகளில் தயாராகிவிடும். வைரசுக்கு இடம் மிகக் குறைவு. பதிய வேண்டியதும் பழுதாக வேண்டியதும் சொற்பம். கணினி தெரியாதவர் கூடக் கம்பிகளைச் செருகி அதை இயக்கிவிடலாம். ஆனால் அதற்குத் தெரிந்த மொழி பெரும்பாலும் ஒன்றே. அந்த மொழி பேசாத தாய்க் கணினியின் முன்னால் அது ஊமை.

எளிதாகச் சொன்னால், மெலிந்த முனையம் பல துருசுகளிலிருந்தும் நீர் வாங்கக்கூடிய, சிறு தொட்டியும் உடைய வயல். வெறும் முனையம் ஒரே வாய்க்காலுக்கு அளவெடுத்து வெட்டிய மடை. அந்த வாய்க்காலில் நீர் வரும் வரைக்கும் அதைப் போல் இலகுவானது வேறில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை. சில விற்பனையாளர்கள் சிறு லினக்ஸ் உள்ள பெட்டிக்கும் “சீரோ” என்ற பெயரை ஒட்டிவிடுகிறார்கள். ஆகவே பெயரை நம்பாமல், “இது எந்தெந்த மொழிகளைப் பேசும்? புதிய மொழியைப் பின்னர் சேர்க்க முடியுமா?” என்ற இரண்டையும் கேளுங்கள். பதிலே அதன் உண்மையான பெயர்.

மொழி செத்தால் பெட்டியும் சாகும்

மொழி என்று சொன்னேன். அவற்றில் முக்கியமானவற்றைப் பெயரளவிலாவது தெரிந்திருப்பது நல்லது. மைக்ரோசொப்ற் கம்பனியினுடையது ஆர்.டி.பி. சிற்றிக்ஸ் கம்பனியினுடையது எச்.டி.எக்ஸ். கனடாவின் ரெராடிசி கம்பனி உருவாக்கியது பி.சி.ஓ.ஐ.பி. விஎம்வெயார் கம்பனி பின்னர் கொண்டுவந்தது பிளாஸ்ற் எக்ஸ்ட்ரீம்.

நடந்த இரண்டு வரலாறுகளைப் பாருங்கள். 1999 இல் சன் என்ற அமெரிக்கக் கம்பனி “சன் ரே” என்ற முனையத்தை வெளியிட்டது. இன்றைய வெறும் முனையங்களுக்கு அது மூத்த சகோதரம். ஒரு சிறு அட்டையை ஒரு முனையத்திலிருந்து எடுத்து வேறோர் அறையிலுள்ள முனையத்தில் செருகினால், விட்ட வேலை அப்படியே அங்கே தோன்றும். பலரும் வியந்து வாங்கினார்கள். 2010 இல் ஒராக்கிள் கம்பனி சன் கம்பனியை வாங்கியது. சில ஆண்டுகளில் சன் ரே கைவிடப்பட்டது. முனையங்கள் உடையவில்லை, தேயவில்லை. ஆனால் அவற்றோடு பேசப் புதிதாக ஒருவரும் வரவில்லை.

அடுத்தது ரெராடிசி. இக்கம்பனியின் சில்லைப் பொருத்திப் பல கம்பனிகள் வெறும் முனையங்களைச் செய்தன. விஎம்வெயார் கம்பனி 2008 இல் அந்த மொழியைத் தனது முறைக்கு ஏற்றுக்கொண்டதால் அவை உலகம் முழுவதும் பரவின. ஆனால் 2016 இல் அதே விஎம்வெயார், பிளாஸ்ற் எக்ஸ்ட்ரீம் என்ற வேறு மொழியை முன்னுக்குக் கொண்டுவந்தது. மெலிந்த முனையம் வைத்திருந்தவர்கள் புதிய மென்பொருளைப் பதிந்து தப்பினார்கள். ரெராடிசி சில்லு வைத்திருந்தவர்களுக்கு அந்த வழி இல்லை. பின்னர் 2021 இல் ரெராடிசியை எச்.பி. கம்பனி வாங்கியது. 2023 இல் விஎம்வெயாரை புரோட்கொம் கம்பனி வாங்கியது. அடுத்த ஆண்டே அதன் மேசைத்தளப் பிரிவு பிரிக்கப்பட்டு ஒம்னிசா என்ற புதிய கம்பனியானது. எட்டு ஆண்டுக்குள் எத்தனை கைமாற்றம் பாருங்கள்!

காணி கைமாறும்போது வாய்க்கால் உரிமை என்னவாகும் என்பதை அறிந்தவர்கள் நீங்கள். எங்கோ தூரத்தில் கம்பனிகள் கைமாறும்போது, எமது அறையிலுள்ள பெட்டி பயன்படுமா என்பதும் அவ்வாறே தீர்மானிக்கப்படுகிறது. பெரிய வங்கியோ மருத்துவமனையோ என்றால் ஐந்து ஆண்டில் எல்லாவற்றையும் மாற்றிவிடும். எம்மால் முடியுமா?

ஏழைப் பாடசாலைகள் செய்தது என்ன?

இந்த முறை வசதியுள்ள அலுவலகங்களுக்கு மாத்திரம் உரியதல்ல. 2007 இல் மசிடோனியா நாடு, தன் பாடசாலைப் பிள்ளைகள் எல்லோருக்கும் கணினி வசதி வேண்டும் என்று திட்டமிட்டது. 1,80,000 தனிக் கணினிகளை வாங்கவில்லை. ஏறத்தாழ 20,000 கணினிகளையும், அவற்றைப் பகிர்ந்துகொள்ள என்கொம்பியூட்டிங் என்ற கம்பனியின் 1,60,000 சிறு முனையங்களையும் தெரிவு செய்தது. இயங்குதளம் உபுண்டு எனப்படும் லினக்ஸ். அதற்குக் கட்டணம் இல்லை. 2008 அளவில் இந்தியாவின் ஆந்திரப் பிரதேசமும் ஏறத்தாழ 5,000 அரச பாடசாலைகளுக்கு அதே கம்பனியின் முனையங்களைத் தெரிவு செய்தது.

அக்கம்பனியின் எக்ஸ்300 என்ற வகையில், சாதாரண கணினிக்குள் ஓர் அட்டையைப் பொருத்தினால் மேலும் மூன்று பிள்ளைகள் அதில் வேலை செய்யலாம். இரண்டு அட்டை பொருத்தினால் கணினியின் முன்னால் இருப்பவரோடு சேர்த்து ஏழு பேர். முனையம் ஒன்றுக்குச் சுமார் ஒரு வாற்று மின்சாரமே போதும். கம்பி பத்து மீற்றருக்கு மேல் நீள முடியாது என்பது அதன் குறை.

இதில் எமக்கு ஒரு பாடம் உண்டு. ஒரு பெரும் குளத்துக்குப் பதிலாகப் பல சிறு குளங்களைக் கட்டினால், ஒன்று உடைந்தாலும் ஊர் முழுவதும் பட்டினி இராது. ஏழு பேருக்கு ஒரு கணினி என்று இரண்டு தொகுதி வைத்தால், ஒன்று பழுதான நாளில் மற்றத் தொகுதியில் பிள்ளைகள் முறை போட்டாவது படிக்கலாம்.

மின்சாரக் கணக்கு

“மின்சாரம் பத்தில் ஒன்றாகக் குறையும்” என்பார்கள். நாமே கணக்குப் பார்ப்போம். பழைய வகைப் பெரிய கணினி ஒன்று 80 வாற்று, திரை 20 வாற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்துப் பேருக்கு 1,000 வாற்று. நாளுக்கு ஆறு மணித்தியாலம் இயக்கினால் ஆறு அலகு.

முனையம் ஒன்று 10 வாற்று என்றால் பத்துக்கு 100. திரைகளுக்கு 200. தாய்க் கணினிக்கு 200. கம்பிகளைச் சேர்க்கும் பெட்டிக்கு 20. மொத்தம் 520 வாற்று. ஆறு மணித்தியாலத்துக்கு மூன்று அலகுக்குச் சற்று அதிகம். ஆகப் பாதியாகக் குறைகிறதே தவிர பத்தில் ஒன்றாக அல்ல. விற்பவர் திரையையும் தாய்க் கணினியையும் கணக்கில் விட்டுவிடுகிறார்.

இன்னொன்றையும் மறைக்கக்கூடாது. மடிக்கணினி ஒன்றுக்குத் திரையோடு சேர்த்து 30 வாற்று போதும், பத்துக்கு 300. அதற்குள் பற்றரியும் இருக்கிறது. ஆகவே மூன்று அல்லது நான்கு பேருக்கு மாத்திரம் இடம் தேவை என்றால் தாய்க் கணினியும் வேண்டாம், முனையமும் வேண்டாம். மடிக்கணினிகளே மேல். வீடு மாற வேண்டி வந்தாலும் தூக்கிக்கொண்டு போகலாம். ஆட்கள் கூடும்போதும், களவும் வைரசும் பராமரிப்பும் தலையிடியாகும்போதும்தான் குளத்து முறை இலாபம் தரும்.

கண்ணுக்குத் தெரியாத செலவுகள்

முனையத்தின் விலையை மாத்திரம் பார்த்து ஏமாற வேண்டாம். ஏர் மலிவு என்று வாங்கிவிட்டு மாட்டுக்கு அலைவது போலாகும்.

முதலாவது, தாய்க் கணினியின் நினைவகம். ஒவ்வொருவருக்கும் தனித்தனி விண்டோஸ் மேசை என்றால் ஆளுக்கு 4 கிகாபைற் வரை ஒதுக்க வேண்டும். பத்துப் பேருக்கு 40. தாய்க் கணினியின் சொந்தத் தேவை வேறு. ஒரே லினக்சை எல்லோரும் பகிர்ந்தால் இதைவிடக் குறைவாகப் போதும். எனினும் இன்றைய இணைய உலாவிகள் நினைவகத்தை யானை கரும்பைத் தின்பது போலத் தின்னும் என்பதை மறக்கக்கூடாது.

இரண்டாவது, உரிமக் கட்டணம். விண்டோசைத் தாய்க் கணினியில் வைத்துப் பலர் பயன்படுத்துவதற்கு ஒவ்வோர் ஆளுக்கும் அல்லது முனையத்துக்கும் தனி உரிமம் வேண்டும். சில முறைகளில் இதை ஆண்டுதோறும் செலுத்த வேண்டும். கொடையாளர் முதல் ஆண்டுக்குக் கட்டிவிட்டுப் போய்விடுவார். இரண்டாம் ஆண்டு யார் கட்டுவது? லினக்சுக்கு இத்தொல்லை இல்லை.

மூன்றாவது, கம்பி. அறைக்குள் நல்ல கம்பி போட்டால் வேகம் பற்றிய கவலை இல்லை. எழுதுவதற்கும் வாசிப்பதற்கும் கொஞ்ச வேகமே போதும். ஆனால் பத்துப் பிள்ளைகளும் ஒரே நேரத்தில் வீடியோப் பாடம் பார்த்தால் தாய்க் கணினியும் கம்பியும் திணறும். தாய்க் கணினி எங்கோ நகரத்தில் இருக்கும், இணையம் வழியாக இணைக்கிறோம் என்று ஒருவர் சொன்னால் இன்னும் கவனம் வேண்டும். இணையம் அறும் நேரமெல்லாம் கணினி அறை இருண்டுவிடும். குளம் ஊருக்குள்ளேயே இருக்கட்டும்.

நான்காவது, நகல். எல்லாம் ஒரே இடத்தில் இருப்பது வசதி, ஆபத்தும் அதுவே. உறுதி, பிறப்புச் சான்றிதழ், பிள்ளைகளின் பரீட்சைப் பெறுபேறு எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் வைத்திருந்து ஒரே நாளில் இழந்த குடும்பங்கள் எம்மிடையே உண்டு. அவர்களுக்கு நான் இதை விளக்கத் தேவையில்லை. தாய்க் கணினியில் உள்ளவற்றை வாரம் ஒரு முறையாவது வேறொரு தட்டில் பிரதி எடுத்து, வேறொரு கூரையின் கீழ் வைக்க வேண்டும்.

பழைய கணினிகளை எறியாதீர்கள்

விண்டோஸ் 10 க்கான மைக்ரோசொப்றின் வழக்கமான ஆதரவு 2025 ஒக்ரோபர் 14 உடன் முடிந்தது. புதிய விண்டோசை ஏற்காத பல கணினிகள் அலுவலகங்களிலிருந்து ஒதுக்கப்படுகின்றன. இவை குப்பை அல்ல. வன்தட்டையே கழற்றிவிட்டு, கம்பி வழியாகத் தாய்க் கணினியிலிருந்து லினக்சை எடுத்து இயங்கும்படி இவற்றை அமைக்கலாம். எல்.ரி.எஸ்.பி. என்ற இலவச மென்பொருள் 1999 தொடக்கம் இதற்காகவே இருக்கிறது. அப்போது பழைய கணினியே ஒரு மெலிந்த முனையமாகிவிடும். அதற்குள் ஓரளவு நல்ல மூளையும் நினைவகமும் இருந்தால் வேலையின் ஒரு பகுதியை அதுவே செய்யும். தாய்க் கணினியின் பாரம் குறையும். புதிய முனையத்தை விட மின்சாரம் சற்று அதிகம் தின்னும் என்பது மாத்திரமே குறை.

ஆகவே எதைத் தெரிவு செய்வது?

எனது கருத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

நான்கு பேருக்குக் குறைவாயின் மடிக்கணினி போதும்.

பத்துப் பேர் அளவில் என்றால் மெலிந்த முனையம், அல்லது பழைய கணினியை அவ்வாறு மாற்றியது. பல மொழி பேசுவதால், நாளை வேறொரு கொடையாளர் வேறு தாய்க் கணினியைத் தந்தாலும் முனையம் வீணாகாது.

வெறும் முனையம் நல்ல பொருள்தான். ஆனால் ஒரே முறையைப் பல ஆண்டுகள் மாற்றாமல் வைத்திருக்கும், திருத்துநரும் பணமும் உள்ள நிறுவனங்களுக்கே அது பொருந்தும். தாய்க் கணினியோடு சேர்த்து முழுத் தொகுதியாகத் தந்து, ஐந்து ஆண்டுப் பராமரிப்பையும் எழுத்தில் பொறுப்பேற்றால் மாத்திரம் நாம் ஏற்கலாம்.

கூட்டத்துக்குப் போகும்போது பின்வரும் கேள்விகளைத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள்:

1. இம்முனையம் எந்தெந்த மொழிகளைப் பேசும்? வேறு கம்பனியின் தாய்க் கணினியோடு வேலை செய்யுமா?
2. தாய்க் கணினி எங்கே இருக்கும்? அது நின்றால் எத்தனை நாளில் யார் வந்து திருத்துவார்?
3. உரிமக் கட்டணம் உண்டா? இரண்டாம் ஆண்டு யார் செலுத்துவது?
4. மாதம் எத்தனை அலகு மின்சாரம்? திரைகளும் சேர்த்தா?
5. பிரதி எங்கே, யார் எடுப்பார்?
6. எமது ஊர் இளைஞர் இருவருக்கு இதைப் பராமரிக்கப் பயிற்சி கிடைக்குமா?

இவற்றோடு ஒரு சோதனையும் கேளுங்கள். ஒரு கிழமைக்கு இரண்டு முனையங்களைத் தந்து பார்க்கச் சொல்லுங்கள். பிள்ளைகள் வேலை செய்யும்போது மின்சாரத்தை நிறுத்திப் பாருங்கள்; கம்பியைக் கழற்றி மாட்டிப் பாருங்கள்; இரண்டிலும் வீடியோ ஓடவிட்டுப் பாருங்கள். தமிழில் எழுதி அச்சடித்தும் பாருங்கள். நெல் விதையை முளைக்கப் போட்டுப் பார்க்காமல் நாம் வயலில் விதைப்பதில்லை அல்லவா?

கேள்வி கேட்டதால் நல்ல கொடையாளர் எவரும் கோபிக்கமாட்டார். திறப்பு விழாவுக்கு வந்தவர்கள் போன பிறகு, அந்த அறையின் திறப்பு உங்கள் கையில்தான் இருக்கப்போகிறது. மூன்று ஆண்டுகளின் பின்னரும் பிள்ளைகள் அந்தக் கதவைத் திறந்து உள்ளே போக வேண்டுமானால், வாங்குவதற்கு முன்னரே கேட்டுவிடுங்கள்.